‘விடணும்’ முதல் ‘விட்டாச்சு’ வரை: குடிநோயாளியின் மனத் தயார்நிலையை அளக்க முடியுமா?

போதை மீட்பு மையங்களின் சேர்க்கை மேசையில் அன்றாடம் காணக்கூடிய காட்சி இது. கணவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். கை லேசாக நடுங்கும். பக்கத்தில் மனைவி, பின்னால் மச்சினன். எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாக எப்போது குடித்தார் என்று ஆலோசகர் கேட்பதற்கெல்லாம் மனைவியே பதில் சொல்லிக்கொண்டு வருவார். பிறகு ஒரு கேள்வி வரும்: “அவருக்கே விடணும்னு இருக்கா?” அதுவரை தடையில்லாமல் பேசியவர் அந்த இடத்தில் நின்று, கணவரைத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து நம் ஊரில் இரண்டு விதமான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ‘அவரா மனசு வெச்சு வந்தாத்தான் சேர்த்துக்குவோம்’ என்று திருப்பி அனுப்புவது ஒன்று. கேள்வியே கேட்காமல், இரவோடு இரவாக வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் அடைப்பது இன்னொன்று. முதல் வகையினர் மனத் தயார்நிலையை நுழைவுச்சீட்டாகப் பார்க்கிறார்கள். இரண்டாம் வகையினர் அதைப் பொருட்டாகவே நினைப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நாற்பது ஆண்டு கால ஆராய்ச்சி இருக்கிறது. ஒருவர் மாறத் தயாராக இருக்கிறாரா, எவ்வளவு தயார், அதை எப்படி அளப்பது, அளந்து என்ன செய்வது என்று உளவியலாளர்கள் தொடர்ந்து கேட்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மனத் தயார்நிலையை அளக்க முடியும். ஆனால் அந்த அளவு, கேட்கிற விதத்தாலும் கேட்கப்படும் நேரத்தாலும் மாறக்கூடியது. ஆகவே அதை வைத்து ஆளைத் தள்ளிவிடக் கூடாது. பேச்சைத் தொடங்க வேண்டும்.

இது ஏட்டளவிலான விவாதம் இல்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி, 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். எஞ்சிய 37 பேரையும் ‘திருந்த மனமில்லாதவர்கள்’ என்ற ஒரே பட்டியலில் அடைப்பது நியாயமாகுமா?

‘மறுக்கிறான்’ என்ற பழைய தீர்ப்பு

குடிநோய்ச் சிகிச்சையில் நெடுங்காலம் கோலோச்சிய கருத்து ஒன்று உண்டு. குடிப்பவன் உண்மையை மறுப்பான். அந்த மறுப்பை உடைத்தால்தான் வழிக்கு வருவான். அதற்கு அவனை நேருக்கு நேர் நிறுத்தி, அவன் செய்ததையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அம்மாவும் மனைவியும் மாமனாரும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவதும் இதைத்தான்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் இந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கினார். மறுப்பு என்பது குடிப்பவரின் குணமன்று, அவரிடம் பேசுகிறவர் பேசும் விதத்தால் விளைவது என்று 1983-இல் அவர் எழுதிய கட்டுரை வாதிட்டது. 1993-இல் தன் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில் அதற்கு ஆதாரமும் கிடைத்தது. ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து மோதினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நபர் ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் சேர்ந்து மில்லர் வளர்த்தெடுத்த இந்த அணுகுமுறை ‘ஊக்க நேர்காணல்’ என்று அழைக்கப்படுகிறது. 1991-இல் அது நூலாக வந்தது.

அதே காலத்தில் உளவியலாளர்களான ஜேம்ஸ் புரோச்சஸ்காவும் கார்லோ டிகிளமென்ட்டேயும் வேறொரு திசையிலிருந்து வந்தார்கள். யாருடைய உதவியும் இல்லாமல் தாமாகவே புகைப்பதை விட முயன்றவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். 872 பேரைக் கொண்ட அவர்களது ஆய்வு 1983-இல் வெளியானது. மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை, படிப்படியாக நடக்கிறது என்பது அவர்கள் முடிவு. பின்னாளில் அந்தப் படிகள் ஐந்தாக நிலைபெற்றன. விடுவதைப் பற்றி நினைத்தே பாராத நிலை, நினைத்துக் குழம்பும் நிலை, ஏற்பாடு செய்யும் நிலை, செயலில் இறங்கும் நிலை, விட்டதைக் காத்துக்கொள்ளும் நிலை. மீண்டும் சறுக்குவது தோல்வியாகாது, அதுவும் பாதையின் ஒரு பகுதிதான் என்றும் அவர்கள் சொன்னார்கள். ‘மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்’ என்று தலையில் அடித்துக்கொண்ட குடும்பங்களுக்கு இந்த ஒரு கருத்தே பெரிய ஆறுதல்.

அளவுகோல்கள் பிறந்த கதை

படிகள் இருக்கின்றன என்றால், ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டாமா? எவ்வளவு குடிக்கிறார், அதனால் என்ன கேடு என்பதை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ போன்ற வினாத்தாள்கள் வந்தன. பத்துக் கேள்விகள், 40 மதிப்பெண். ஆனால் நோய் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, விட மனம் எவ்வளவு என்பது வேறொரு கேள்வி. ஈரல் கெட்டவருக்கு மனம் இல்லாமல் இருக்கலாம். வார இறுதியில் மட்டும் குடிப்பவருக்கு விட வேண்டும் என்ற தவிப்பு இருக்கலாம்.

முதலில் வந்தது ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் மாற்ற மதிப்பீடு, சுருக்கமாக ‘யூரிக்கா’. 1983-இல் வெளியான இதில் 32 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஐந்து நிலைகளில் குறிக்க வேண்டும். சிந்தித்தல், செயல்படுதல், காத்தல் ஆகிய மூன்றின் மதிப்பெண்களைக் கூட்டி, நினைத்தே பாராத நிலையின் மதிப்பெண்ணைக் கழித்தால் வருவது தயார்நிலை எண். உளச்சிகிச்சைக்கு வந்தவர்களை மனத்தில் வைத்து இதை உருவாக்கியதால், குடி என்றோ கஞ்சா என்றோ குறிப்பிடாமல் ‘என் பிரச்சினை’ என்றே வாக்கியங்கள் பேசின. பலம் அதுதான், பலவீனமும் அதுதான். குடியைப் பிரச்சினையாகவே கருதாத ஒருவர், மனதில் கடனையோ மாமியாரையோ வைத்துக்கொண்டு பதில் எழுதிவிடலாம்.

1992-இல் ரோல்னிக்கும் நிக் ஹெதரும் அவர்களது குழுவினரும் பன்னிரண்டே கேள்விகள் கொண்ட சிறு வினாத்தாளை உருவாக்கினார்கள். பொது மருத்துவமனையில் வேறு ஏதோ நோய்க்காகப் படுத்திருக்கும், ஆனால் அளவுக்கு மீறிக் குடிக்கும் மனிதர்தான் அவர்கள் மனத்தில் இருந்தவர். அவர் குடிக்காகச் சிகிச்சை கேட்டு வந்தவர் அல்லர். கால் முறிந்தோ வயிற்று வலியோடோ வந்தவர். படுக்கையருகே சில நிமிடங்களில் கேட்டு முடிக்கும்படி அது அமைந்தது.

மில்லரும் ஸ்காட் டோனிகனும் 1996-இல் ‘சாக்ரட்டீஸ்’ என்ற சுருக்கப் பெயர் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். இறுதியில் 19 கேள்விகளாக நிலைபெற்ற அது, ஐந்து படிகளையும் அளக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் தொடங்கியது. ஆனால் பதில்களைப் பகுத்துப் பார்த்தபோது ஐந்து படிகள் வரவில்லை. சிக்கலை உணர்தல், ஈரெட்டு மனம், அடியெடுத்து வைத்தல் என்று மூன்று போக்குகள்தான் தெரிந்தன. இவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படிகள் இல்லை. ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் மூன்றும் இருக்கலாம். தாங்கள் தேடியது கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மை, பின்னால் வந்த விவாதங்களுக்கெல்லாம் வாசல் திறந்துவிட்டது.

எல்லாவற்றிலும் எளியவை இரண்டு. லோயிஸ் பீனரும் டேவிட் ஏப்ரம்ஸும் 1991-இல் புகைப்பவர்களுக்காக உருவாக்கிய ‘சிந்தனை ஏணி’ ஒன்று. சுழி முதல் பத்து வரை எண்ணிட்ட ஏணியில், தான் எந்தப் படியில் நிற்பதாக நினைக்கிறாரோ அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். மற்றொன்று, ஊக்க நேர்காணலில் பயன்படும் ‘தயார்நிலை அளவுச்சட்டம்’. விடுவது எவ்வளவு முக்கியம், விட முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு, இப்போதே தொடங்க எவ்வளவு தயார் என்று அதே சுழி முதல் பத்து வரையிலான எண்களைக் கொண்டு கேட்பது.

எண் எதிர்காலத்தைச் சொல்கிறதா?

அமெரிக்காவில் 1,726 பேரைச் சேர்த்து நடத்தப்பட்ட ‘புராஜெக்ட் மேட்ச்’ குடிநோய்ச் சிகிச்சை வரலாற்றின் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று. எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது அதன் கேள்வி. 1997-இல் முடிவுகள் வந்தன. பொருத்தம் பார்க்கும் கனவு பெரும்பாலும் பொய்த்தது. மனத் தயார்நிலை குறைந்தவர்களுக்கு ஊக்கமூட்டும் சிகிச்சையே கூடுதலாகப் பலன் தரும் என்ற கணிப்பும் எதிர்பார்த்தபடி நிறைவேறவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, புறநோயாளிகளிடையே, தொடக்கத்தில் அளந்த தயார்நிலையும் தன்னம்பிக்கையுமே பின்னாளைய குடியை முன்கூட்டிச் சொன்ன வலுவான காரணிகளாக நின்றன.

நமக்கு நெருக்கமான சான்று கோவாவிலிருந்து வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கேடு தரும் அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்களைக் கொண்டு அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. மருத்துவப் பட்டமில்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதத்தில் அந்தப் பிரிவில் 36 சதவீதம் பேர் கேடான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இன்னொரு செய்தி வெளிப்பட்டது. மூன்றாம் மாதத்தில் ஒருவரிடம் இருந்த மாறும் தயார்நிலைதான், பன்னிரண்டாம் மாதத்தில் அவர் குடிக்கும் அளவு குறைந்ததற்கு இடைப்பாலமாக இருந்தது. அதாவது, தயார்நிலை வந்தவரிடம் சிகிச்சை தொடங்கவில்லை; சிகிச்சையே தயார்நிலையை வளர்த்தது. சேர்க்கை மேசையில் உட்காரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை இது.

அளவுகோலின் ஓட்டைகள்

எதிர்ப்புகளும் வலுவானவை. படிநிலைக் கோட்பாட்டை ஓய்வெடுக்க வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று உளவியலாளர் ராபர்ட் வெஸ்ட் 2005-இல் எழுதினார். அடுத்த ஆறு மாதத்தில் விட எண்ணினால் ஒரு படி, 30 நாளில் விட எண்ணினால் அடுத்த படி என்கிற எல்லைகளை யார் வகுத்தது? 30-ஆம் நாளுக்கும் 31-ஆம் நாளுக்கும் நடுவில் மனித மனம் படி மாறுகிறதா? 2006-இல் அவரும் சோஹலும் வெளியிட்ட ஆய்வில், புகைப்பதை விட முயன்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னேற்பாடு ஏதுமின்றி, நினைத்த மாத்திரத்தில் விட முயன்றிருந்தார்கள். அப்படித் திடீரென விட்டவர்களே ஆறு மாதம் தாக்குப்பிடிப்பதில் முன்னணியில் இருந்தார்கள். அப்பாவின் மரணம், மகள் கேட்ட ஒரு கேள்வி, மருத்துவர் காட்டிய ஒரு ஸ்கேன் ஆகியவை மனிதரை ஒரே நாளில் புரட்டிப் போடுவதை நாமும் பார்த்திருக்கிறோம்.

அன்றாடச் சிக்கல்கள் இன்னும் பல. தூக்கி வரப்பட்டவர் எல்லாக் கேள்விக்கும் ‘ஆமாம்’ என்பார். சீக்கிரம் வீட்டுக்குப் போக அதுதான் வழி என்று அவருக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று பயந்தவரும் அப்படியே. ஒரே நபர் கஞ்சாவை விடத் தயாராகவும் பீடியை விட மறுப்பவராகவும் இருக்கலாம்; இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கினால் உண்மை தொலைந்துபோகும். குறைத்துக்கொள்ளத் தயார், அடியோடு நிறுத்தத் தயாரில்லை என்பவர்களும் உண்டு.

நேரம் இன்னொரு சிக்கல். கை நடுங்கும் காலையில் ‘இனி தொடவே மாட்டேன்’ என்பவர், சம்பளம் கைக்கு வந்த சனிக்கிழமை சாயங்காலம் வேறு ஆள். காலையில் ஒன்பது என்றவர் மாலையில் இரண்டு என்றால் அவர் பொய் சொன்னதாக ஆகாது. இரண்டு வேளையும் அவர் உண்மையைத்தான் சொன்னார்.

மொழிபெயர்ப்பில் வரும் தடுமாற்றமும் சிறிதன்று. ‘எனக்குக் குடிப் பிரச்சினை இல்லை’ என்ற வாக்கியத்தை ‘ஓரளவு ஒப்புக்கொள்ளவில்லை’ என்று குறிக்கச் சொன்னால், பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர் எதைக் குறிப்பார்? மறுப்பின்மேல் மறுப்பு ஏறிய வாக்கியங்கள் படித்தவர்களையே தடுமாற வைக்கும். இதற்கு ஏணிப் படமோ, ‘நூத்துக்கு எவ்வளவு?’ என்ற வாய்வழக்கோ எவ்வளவோ மேல்.

‘ஏன் மூணு? ஏன் பூஜ்யம் இல்லை?’

அளவுச்சட்டத்தின் உண்மையான பயன், எண்ணுக்குப் பிறகு வரும் கேள்வியில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய ஒரு கொத்தனாரும் இளம் பெண் ஆலோசகரும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

“பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் வெச்சுக்குங்கண்ணா. குடியை விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?”

“ஒரு ஏழு போட்டுக்குங்க மேடம்.”

“விட முடியும்ங்கற நம்பிக்கை?”

சற்று நேரம் மௌனம். “அது மூணுதான்.”

“சரி, ஏன் மூணு? பூஜ்யம்னு சொல்லலையே?”

“போன வருஷம் மலைக்கு மாலை போட்டப்ப நாப்பத்தெட்டு நாள் தொடல. வேலையும் ஒரு நாள் விடல. சின்னவ பக்கத்துல வந்து படுத்துக்குவா.”

ஆலோசகர் ‘ஏன் பத்து இல்லை?’ என்று கேட்டிருந்தால் உடம்பு வலி, கூட வேலை செய்பவர்கள், தூக்கமின்மை என்று குடிப்பதற்கான காரணங்களை அவர் வரிசையாக அடுக்கியிருப்பார். அடுக்க அடுக்க அவரே அவற்றை நம்பவும் தொடங்கியிருப்பார். ‘ஏன் பூஜ்யம் இல்லை?’ என்ற கேள்விக்கு, விடுவதற்கான காரணங்களை அவர் வாயாலேயே சொன்னார். நாற்பத்தெட்டு நாள் விட்டவர் தான் என்பது அவருக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சொற்களின் வலிமையைப் பற்றி ஆய்வும் உண்டு. பால் அம்ரைனும் மில்லரும் மற்றவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, போதைப் பழக்கம் உள்ளவர்களின் நேர்காணல்களைச் சொல் சொல்லாக ஆராய்ந்தது. ஆசை, தேவை, காரணம் பற்றிய பேச்சைவிட, ‘செய்வேன்’ என்ற உறுதிமொழிப் பேச்சின் அழுத்தமே பின்விளைவைச் சொன்னது. அதுவும் உரையாடலின் முடிவு நெருங்க நெருங்க அந்த அழுத்தம் கூடியதா என்பதுதான் முக்கியமாக இருந்தது.

தமிழில் பேசுகிறவருக்கு இது புதிதாகத் தோன்றாது. நம் வினைமுற்றுகளிலேயே ஓர் ஏணி இருக்கிறது. ‘விடணும்’ என்பது விருப்பம், கடமை. ‘விடலாம்னு பாக்கறேன்’ என்பது மதில்மேல் பூனை. ‘விட்டுடுவேன்’ வாக்குறுதி, ஆனால் எப்போது என்று சொல்லாத வாக்குறுதி. ‘இன்னிக்கு வேலை முடிஞ்சதும் அந்தத் தெரு வழியா வர மாட்டேன்’ என்பதில் நாளும் இடமும் இருக்கிறது. ‘விட்டாச்சு’ என்பது கடைசிப் படி. ஆனால் இதே சொற்கள் சண்டையை முடிப்பதற்கும் பயன்படும். ‘சரி, விட்டுடறேன், ஆளை விடு’ என்பதில் இருப்பது தயார்நிலை இல்லை, களைப்பு. சொல் மட்டும் போதாது, எந்தப் பேச்சின் முடிவில் அது வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்த காது வேண்டும்.

மாலையும் கயிறும் முகாமும்

நம் மண்ணில் தயார்நிலைக்குத் தனி வடிவங்கள் இருக்கின்றன. சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் குடிக்கக் கூடாது. குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டால் கட்டிய காலம்வரை தொடக் கூடாது. எந்த வினாத்தாளிலும் இது இல்லை. ஆனால் இவற்றில் நாள் குறித்த உறுதி, ஊரார் அறிந்த அடையாளம், ‘சாமி’ என்று மற்றவர்கள் கூப்பிடும் மரியாதை ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றன. மாலையைக் கழற்றிய அன்றே பலர் பழைய இடத்துக்குத் திரும்புவதும் உண்மை. விரதம் முடியும் நாளைச் சிகிச்சை தொடங்கும் நாளாக மாற்ற முடிந்தால், அதுவரை சேர்ந்த நம்பிக்கை வீணாகாது. அதோடு ஒரு எச்சரிக்கையும் தேவை. பல ஆண்டுகளாக அன்றாடம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மனம் எவ்வளவு தயாராக இருந்தாலும் உடம்புக்கு மருத்துவர் துணை வேண்டும்.

சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் நடத்திய கிராம முகாம்கள் இன்னொரு பாடம் தருகின்றன. சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோய், குடும்பத்தையும் ஊர்க்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். பட்டணத்துக்குப் போகப் பணமில்லாத, நாள் கூலியை இழக்க முடியாத ஒருவரிடம் ‘எவ்வளவு தயார்?’ என்று கேட்டால் அவர் சொல்லும் எண்ணில் பேருந்துக் கட்டணமும் கலந்திருக்கும். சிகிச்சை பக்கத்தில் வந்தால் அந்த எண் தானாக ஏறும்.

கதவும் எண்ணும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கெயில் டி’ஓனோஃப்ரியோ குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை பக்கத்தில் இருப்பதன் பலனை உறுதி செய்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த, அபின் வகைப் போதைக்கு அடிமையான 329 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முகவரி கொடுத்து வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 30 நாள் கழித்துச் சிகிச்சையில் இருந்தவர்கள் 37 சதவீதம். கூடவே சிறிது பேசி அனுப்பப்பட்டவர்களில் 45 சதவீதம். அங்கேயே, அப்போதே புப்ரினார்ஃபின் மருந்து தொடங்கப்பட்டவர்களில் 78 சதவீதம். யார் எந்தப் பிரிவில் என்பதை அவர்கள் மனத் தயார்நிலை தீர்மானிக்கவில்லை. திறந்திருந்த கதவுகள்தான் வேறு.

ஆகவே நாற்பது ஆண்டு ஆராய்ச்சியைப் படித்துவிட்டு நான் வந்து நிற்கும் இடம் இது. அளவுகோல்களை விட்டுவிடக் கூடாது. அவை இல்லாவிட்டால் ஆலோசகரின் ஊகமும் குடும்பத்தின் கோபமும்தான் தீர்ப்பு எழுதும். ஒரு முறை அளந்து கோப்பில் பூட்டி வைக்காமல், வாரந்தோறும் கேட்க வேண்டும். ஒவ்வொரு போதைப் பொருளுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். முக்கியத்துவத்தையும் நம்பிக்கையையும் பிரித்துக் கேட்க வேண்டும். ஏழும் மூன்றும் சொன்ன கொத்தனாருக்கு இனி அறிவுரை தேவையில்லை, துணைதான் தேவை. தனியாக இருக்கும்போது, அவர் பேச்சு மொழியில் கேட்க வேண்டும். எண் குறைவாக இருந்தால் சந்திப்புகளைக் கூட்ட வேண்டும். திருப்பி அனுப்பக் கூடாது. பெயர் வெளியிடாத குடிநோயாளர் சங்கமான ஏ.ஏ. அமைப்பு, உறுப்பினராவதற்கு ஒரே ஒரு தகுதிதான் கேட்கிறது: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. அது எத்தனை மதிப்பெண் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சேர்க்கை மேசைக்கு வருவோம். மனைவி திரும்பிப் பார்க்கிறார். கணவர் நெடுநேரம் தரையைப் பார்த்துவிட்டு, ‘தெரியலம்மா’ என்கிறார். பழைய கணக்கில் அது மறுப்பு. இதுவரை பார்த்த கணக்கில் அது ஈரெட்டு மனம். பூஜ்யத்துக்கு மேல் எங்கோ ஒரு எண். ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “பரவாயில்லண்ணா, தெரியலைங்கறதுலேருந்தே பேசுவோம்” என்று சொன்னால், சிகிச்சை அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது.